பின்னக்கா

கம்பெனி கேட்டைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் பெண்களுக்கென்று ஒரு தடுப்பு இருக்கிறது. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் திரை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் பெண்கள் அந்தத் திரையை விலக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக உள்ளே வருவார்கள். அவர்களைத் தொட்டுச் சோதித்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. லேடி செக்யூரிட்டி என்று நாங்கள் இரண்டு பேர். நான் சேர்ந்த முதல் நாளே, எனக்கு முன்பே அங்கே இருந்தவள் வேலையைப் பிரித்துவிட்டாள்.

“தோள்லேர்ந்து கீழ நீ பாத்துக்கோ. தலைய நான் பாத்துக்கறேன்.”

உள்ளே செய்வது போனுக்குப் போகும் பொடிப்பொடிச் சாமான்கள். அதனால் இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. சாமான் எதுவும் கொண்டைக்குள் ஒளிந்து வெளியே வரக் கூடாது. பவுடர், மை, பூ, நகப்பூச்சு எதற்கும் அனுமதி இல்லை. வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி “பின் கீதா?” என்பதுதான். இல்லை என்று சொன்னாலும் கையை விட்டுப் பார்ப்பாள். அப்படித்தான் பின்னக்கா என்ற பெயர் வந்தது. சட்டையில் பெயர் எழுதிய வில்லை குத்தியிருக்கும். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை.

பின்னக்காவுக்கு முகங்கள் நினைவில் நிற்காது. கேன்டீனில் எதிரே வந்து சிரிக்கிற பெண்ணை யாரென்றே தெரியாமல் பார்ப்பாள். அந்தப் பெண் திரும்பி நடந்தால், “அதான, சுருட்ட முடி, பின் கழுத்துல ரெட்டைச் சுழி” என்பாள். தலை தெரிந்துவிட்டால் அந்தத் தலைக்கு என்ன ஆகிறது என்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சித்திரையில் எட்டு மணி நேரம், உள்ளே எல்லோரும் தலையை மூடிப் போடும் தொப்பிக்குள் வெந்து வெளியே வரும் பெண்களிடம், “ஒடனே கொண்டை போடாத. பஸ்ஸுல ஏறி அவுத்து வுடு, காத்து உள்ள போவட்டும்” என்பாள். ஹாஸ்டல் போர் தண்ணீரில் குளித்துக் குளித்து முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது என்று ஒருத்தி அழுதால், “ரூமுல குடிக்கிற கேன் தண்ணி கீது இல்ல? எல்லாம் ஊத்தி முடிச்சிட்டு கடைசியா ஒரு சொம்பு அத ஊத்து. உப்பு நிக்காது” என்பாள். மழைக்காலத்தில் அவள் குரல் கொஞ்சம் கடுமையாகும். ஈரத் தலையோடு வந்தவளை வரிசையிலிருந்து ஒதுக்கி, மின்விசிறிக்குக் கீழே நிறுத்திவிடுவாள். “இதும்மேல தொப்பி போட்டீன்னா பூசணம் புடிச்சி நாறும். அப்பறம் உன் பக்கத்துல எவளும் குந்த மாட்டா.” பொடுகு இருக்கும் தலையில் இரவு எண்ணெய் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. காலையில் வைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தேய்த்துக் குளித்துவிட வேண்டும். ஒருத்தி சீப்பை இன்னொருத்தி தொடக் கூடாது. ரப்பர் பேண்டைக் கண்டால் அவளுக்கு ஆகாது. “முடிய அறுக்கற சனியன் அது. பழைய சுடிதார் துணி கீதா, அதுல நாடா மாதிரி தெச்சிப் போடு.” நண்டு கிளிப்பு பிளாஸ்டிக்தானே என்று போட்டுக்கொண்டு வருவார்கள். அதன் உள்ளே இருக்கிற கம்பிச் சுருளுக்கு, இரும்பைக் காட்டும் கருவி கத்தும். கூட்டு ரோட்டு பேன்சி ஸ்டோரில் கம்பி இல்லாத கொக்கிப் பின் கிடைப்பதைக் கண்டுபிடித்து ஒவ்வொருத்திக்கும் கடைக்கு வழி சொல்லி அனுப்பியவள் அவள்தான்.

இதையெல்லாம் கேட்டால் கலகலப்பான ஆள் போலத் தோன்றும். அப்படி இல்லை. தலையைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. தடுப்பில் பெண்கள் தீர்ந்து, அடுத்த ஷிஃப்ட் வரும்வரை நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் நேரங்களில் நான் எத்தனையோ முறை பேச்சுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வல்லக்கோட்டை. வீட்டுக்காரர் ஓரகடத்தில் டயர் கம்பெனியில் இருக்கிறார், பையன் ஸ்கூல் போகிறான் என்று என் கதை எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கதை எனக்குத் தெரியாது.

“உங்க வூடு எங்கக்கா?”

“அது கெடக்குது. உன் நெத்தி ஓரத்துல முடி மேல ஏறிக்கினே போவுது பாரு. அவ்ளோ இழுத்து வாராத.”

“புள்ளைங்க இல்லையா?”

“வகிட்ட மாத்தி எடு. ஒரே எடத்துல எடுத்துக்கினு இருந்தா அங்க வழுக்கை வுழும்.”

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு வாரம் அவள் வரவில்லை. திரும்பி வந்த அன்று எப்போதும் போலத்தான் இருந்தாள். அவளுடைய அம்மா இறந்து, காரியம் முடிந்து வந்திருக்கிறாள் என்பது மாலையில் செக்யூரிட்டி ஆபீசர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நாள் முழுக்கப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன் இல்லக்கா?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னலை எடுத்து அழுத்திப் பார்த்தாள். “உள்ள ஈரம் கீது. அவுத்து வுடு” என்றாள்.

ஒரு பெண்ணின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கத்துப் பெண், பேசவே மாட்டாள். ஒருநாள் அவள் கொண்டைக்குள் கையை விட்ட பின்னக்கா சட்டென்று நிறுத்தினாள். பின்னால் பெரிய வரிசை. “இன்னா சிக்கு இது, தலை வாரமாட்டியா? ஓரமா நில்லு, கடைசில வா” என்று சத்தம் போட்டாள். அந்தப் பெண் கூனிக் குறுகிப் போய் நின்றாள். எல்லோரும் போனபிறகு திரையை இழுத்து மூடிவிட்டு, அவள் கொண்டையைப் பிரித்தாள். பின்னந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லாமல் வழவழவென்று இருந்தது. பக்கத்தில் இன்னொன்று சின்னதாக ஆரம்பித்திருந்தது.

“எவ்ளோ நாளா கீது?”

“தெரியலக்கா. யார்கிட்டயும் சொல்லல. பொண்ணு பாக்க வராங்க.”

“புழுவெட்டு. இது வர்றதும் போறதும் சகஜம். வெங்காயம் தேயி, அது தேயின்னு எவளாவது சொன்னா கேக்காத. ஸ்ரீபெரும்புதூர்ல தோல் டாக்டர் கீறாரு, போய்ப் பாரு.” பேசிக்கொண்டே வகிட்டை மாற்றி, கொண்டையைக் கொஞ்சம் இறக்கி, மேலிருந்து ஒரு கற்றையைச் சுற்றி வளைத்துக் கம்பி இல்லாத கொக்கிப் பின்னைக் குத்தினாள். எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் போனபிறகும் பின்னக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னொருத்தி வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பின்னக்கா வழக்கம்போலக் கையைத் தூக்கினாள். வைக்க இடமில்லை. இருந்தாலும் உள்ளங்கையை அந்த மொட்டைத் தலையில் வைத்தாள். வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். “உன்கிட்ட இன்னாத்த தேடறது” என்றாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். தொப்பி உரசினால் எரியும், உள்ளே பருத்தித் துணி கட்டிக்கொள் என்று சொல்லி அனுப்பினாள். பின்னக்கா சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

சோதிக்கிறவர்களையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஷிஃப்ட் தொடங்கும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். என் முறை வரும்போது அவள் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்வாள். வலை போட்டு இறுக்கிய கொண்டை. நான் மேலாக ஒரு தட்டு தட்டி “ஓகேக்கா” என்பேன். கண்ணைத் திறந்துவிடுவாள்.

ஒரு மாசி மாதம் பின்னக்கா மேல் ஒரு புகார் வந்தது. புதிதாகச் சேர்ந்த தென்காசிப் பெண் ஒருத்தி எச்.ஆர். மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். மேடம், ஆபீசர், அந்தப் பெண், நாங்கள். ஏசி அறை. பின்னக்கா செக்யூரிட்டித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவங்க என் தலையில ரொம்ப நேரம் கை வைக்காங்க மேடம். எல்லார் தலையிலயும்தான் வைக்காங்க, மத்தவங்களுக்கு எப்படியோ. எனக்குப் பிடிக்கல” என்றாள் அந்தப் பெண். பயந்துகொண்டேதான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

நான் முந்திக்கொண்டேன். “மேடம், சின்னச் சின்ன பின்னெல்லாம் கொண்டைக்கு அடியில கீது. விரல வுட்டுத் தேடினாதான் தெரியும். அக்கா வேலையத்தான் பாக்கறாங்க.”

மேடம் பின்னக்காவைப் பார்த்தார். “ஒரு தலைய செக் பண்ண எவ்வளவு நேரமாகும்?”

“தொட்ட ஒடனே தெரிஞ்சிடும் மேடம்.”

“அப்பறம்?”

அவள் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு சொல்றது நெசந்தான் மேடம்” என்றாள். “தேவைக்கு மேலதான் கை வெக்கிறேன். வெச்சா எடுக்க மனசு வர்ல.” பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, “உன்ன ஒரு வார்த்தை கேட்டுட்டு வெச்சிருக்கணும். தப்புதான்” என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. “அவங்கள வேலைய விட்டு எடுங்கன்னு நான் சொல்லல மேடம்” என்றாள். “எனக்குக் கூச்சமா இருக்கு. அவ்வளவுதான்.”

வேலையை விட்டு எடுக்கவில்லை. கம்பெனிக்குப் பின்னால் லாரிகள் வந்து போகும் கேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு தகரக் கூண்டு, ஒரு நாற்காலி. லாரி வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு குறுக்குக் கம்பைத் தூக்க வேண்டும். லாரி வராதபோது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தடுப்பில் அவள் இடத்துக்கு வந்த பெண் கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, தலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அனுப்பினாள். வரிசை சீக்கிரம் நகர்ந்தது. கொஞ்ச நாள் சில பெண்கள், பின்னக்கா எங்கே என்று கேட்டார்கள். எங்கள் கம்பெனியில் காண்டிராக்ட் பெண்கள் வெகுநாள் இருப்பதில்லை. ஒரு வெயில் காலம் போய் மழை வந்தபோது, அவளைத் தெரிந்தவர்களே வரிசையில் குறைந்துபோயிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கே போவேன். ஒருமுறை போனபோது, வடக்கேயிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவரின் தோளில் உதிர்ந்திருந்த பொடுகைக் காட்டி, கையால் தேய்ப்பதுபோலவும் ஊற்றுவதுபோலவும் ஜாடை செய்துகொண்டிருந்தாள். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். லாரி போனதும் அவள் என் டிபன் பாக்ஸைப் பார்த்தபடி, “அவருக்கு ஒன்னும் புரியல” என்றாள்.

அந்த ஐப்பசியில் அவள் சில நாட்களாக வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருப்பதாக ஆபீசர் சொன்னார். இடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். ஓரகடம் தாண்டி, நிலம் வைத்திருந்தவர்கள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறைகள். வடக்கத்திப் பையன்கள் நிறைந்த வரிசை. அவர்களிடம் கேட்டேன்; கடைசி அறையைக் கை காட்டினார்கள். ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்பதற்குமேல் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. பார்லரில் இருக்குமே, சாய்கிற, சுழல்கிற, மிதித்தால் உயர்கிற நாற்காலி. அறையில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டு அவள் படுத்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது, எழ முடியவில்லை. நான் கொண்டுபோன ரசம் சாதத்தைக் கொஞ்சம் சாப்பிட்டாள். அவள் முடி அவிழ்ந்து கிடந்து அன்றுதான் பார்த்தேன். பாதி நரைத்து, இடுப்புக்குக் கீழ்வரை இருந்தது. வியர்த்து வியர்த்து, படுத்தபடியே கிடந்து, கழுத்துக்குக் கீழே முழுக்க ஒரே சடையாக இறுகிப் போயிருந்தது.

“கத்திரி அந்தத் தட்டுல கீது. வெட்டி வுட்டுடு” என்றாள்.

“வெட்ட மாட்டேன். எழுந்து இதுல குந்துங்க.”

“இதுல நான் குந்தினதே இல்லடி.”

“இன்னிக்குக் குந்துங்க.”

தாங்கிப் பிடித்து உட்கார வைத்தேன். கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தாள். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மேலே சீப்பை வைத்து இழுத்தேன். முகத்தைச் சுளித்தாள்.

“கீழேர்ந்து வா. நுனிய மொதல்ல எடு. மேல ஒரு கையால இறுக்கிப் புடிச்சிக்கோ, இழுத்தா வேருக்குத் தெரியக் கூடாது. விரல்ல கொஞ்சம் எண்ணெ தொட்டுக்கோ.”

சொன்னபடி செய்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முடிச்சாக விரலால் பிரித்து, சீப்பால் வாரி, அடுத்ததற்குப் போனேன். அவள் வழி சொல்வது குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“வாலாஜாபாத்துல பார்லர் வெச்சிருந்தோம்” என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. “நானும் இன்னொருத்தியும். ஒரு நாற்காலி அவுளுது, ஒரு நாற்காலி என்னுது. மொகூர்த்த நாள்ல நிக்க நேரம் இருக்காது. பொண்ணுக்கு நான் தலை பின்னுவேன், அவ மொகம் பாப்பா. கடைய மூடிட்டு அவுளுக்கு நான் பின்னி வுடுவேன், எனக்கு அவ, அவுளுது நாற்காலில குந்த வெச்சிப் பின்னி வுடுவா.”

நான் கையை நிறுத்தவில்லை.

“அவுளுக்குக் கல்யாணம் ஆச்சி. அவுளுக்கும் நாந்தான் அலங்காரம் பண்ணேன். பெங்களூர் போய்ட்டா. போன் பண்றேன்னா.” மடியில் விழுந்திருந்த உதிர்முடியை விரலில் சுற்றிக்கொண்டே, “ஒருத்தியா நடத்த முடியல” என்றாள்.

“அப்பறம் பேசலியா?”

“கொழந்தை பொறந்துச்சின்னு ஒரு வாட்டி பேசினா. முடி கொட்டுதுன்னா. புள்ள பெத்தா கொட்டும், தானா நின்னுடும்னு சொன்னேன். நின்னுடிச்சி போல.”

சிக்கு முழுக்கப் போய்விட்டது. சீப்பு உச்சியிலிருந்து நுனிவரை தடையில்லாமல் இறங்கியது. நான் வாரிக்கொண்டே இருந்தேன். போதும் என்று அவளும் சொல்லவில்லை. மழை விட்டபிறகுதான், “போ, புள்ள ஸ்கூல்லேர்ந்து வந்துடும்” என்றாள்.

காய்ச்சல் தேறி வேலைக்கு வந்தவள் பழையபடி ஆகிவிட்டாள். அந்த அறையை, அந்த மழையை, பெங்களூர் போனவளை நாங்கள் மறுபடி பேசவில்லை. நான் டிபன் பாக்ஸோடு போனால், “உன் முடி இப்ப பரவால்ல” என்பாள். அடுத்த மாசியில் செக்யூரிட்டி காண்டிராக்ட் வேறு ஏஜென்சிக்குப் போனது. என்னை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அவளை சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு குடோனுக்கு அனுப்பினார்கள். பெண்கள் நாலைந்து பேர்தான் அங்கே. தலையைச் சோதிக்கிற வேலை இல்லை. கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். “பங்குனி வெயில் ஆரம்பிச்சிடும். வெந்தயத்த ஊற வெச்சி அரைச்சித் தேயி, குளுமை” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஒரு மாதம் கழித்து நான் போன் செய்தேன்.

“எப்படிக் கீறீங்கக்கா?”

“கீறேன்.”

“சாப்பாடெல்லாம்?”

“ஆவுது.”

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லாரி ஓடுகிற சத்தம்கூட இல்லை. வைத்துவிட்டோம். அடுத்த முறையும் அப்படித்தான். அந்தக் குடோனில் அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், யாரைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று யோசித்தபடி சமையல்கட்டில் நின்றேன்.

இந்த ஐப்பசியில் மழை பிடித்த அன்று மறுபடி போன் செய்தேன். எப்படிக் கீறீங்க என்று கேட்கவில்லை.

“அக்கா, எனக்கு முடி ரொம்பக் கொட்டுதுக்கா” என்றேன். எனக்கு முடி கொட்டவில்லை. அவள் சொன்னதையெல்லாம் செய்து செய்து அது நன்றாகத்தான் இருக்கிறது.

“எப்பிடிக் கொட்டுது? வேரோட வருதா, பாதில அறுந்து வருதா?”

“வேரோடதான் வர்ற மாதிரி கீது.”

“தலைக்கு எந்தத் தண்ணி ஊத்துற? ஈரத்தோட கொண்டை போடறியா? எத்தினி வாட்டி சொல்லிகீறேன் உனக்கு.” குரல் ஏறிவிட்டது. தடுப்பில் கேட்ட அதே குரல். தலையணை உறையை மாற்றச் சொன்னாள். கீரை தின்னச் சொன்னாள். ரத்தம் கம்மியாக இருக்கும், டெஸ்ட் எடுத்துப் பார் என்று திட்டினாள். சுடு தண்ணீரைத் தலையில் ஊற்றினால் காலை உடைப்பேன் என்றாள். நான் ஒவ்வொன்றுக்கும் “சரிக்கா” என்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஒரு கையால் அணைத்தேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். மறுபடி அந்த அமைதி வரப் போகிறது என்று தெரிந்தது.

“வேற இன்னா பண்ணுது?” என்று கேட்டாள்.

நான் பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தேன். நுனி சீராக இருந்தது.

“நுனியெல்லாம் வெடிக்குதுக்கா” என்றேன்.